பொட்டு வைத்த இடங்கள்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. விளக்குச் சிஸ்டர் என்றால்தான் தெரியும். கிருமி பரவாமல் பார்த்துக்கொள்வது அவள் உத்தியோகம். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை, சக்கர நாற்காலி, சலைன் மாட்டும் கம்பி என்று நோயாளிகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் சாமான்கள் ஆயிரம் இருக்கின்றன. அவை ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம் போவதற்குள் துடைக்கப்படுகின்றனவா என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். கேட்டால் இல்லை என்று யார் சொல்லப் போகிறார்கள்? எல்லா வார்டிலும் துடைத்தாகிவிட்டது என்ற பதில் தயாராக இருக்கும். துணி மட்டும் காய்ந்து கிடக்கும்.

அதற்காக அவளுக்கு ஒரு தந்திரம் கொடுத்திருந்தார்கள். ஒரு சின்னக் குப்பியில் பசை. அதைச் சாமானின் மேல் கடுகளவு தொட்டு வைத்தால், காய்ந்த பிறகு கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் வந்து ஊதா விளக்கை அடித்தால், துடைக்காத இடத்தில் பளிச்சென்று மின்னும். துடைத்திருந்தால் ஒன்றும் இராது. இதற்கு ஆஸ்பத்திரிக்குள் வைத்த பெயர் பொட்டு வைப்பது. "இன்னிக்கு சிஸ்டர் யாருக்குப் பொட்டு வெச்சுட்டுப் போகப் போறாங்களோ" என்று வார்டுக்கு வார்டு கேலி பேசுவார்கள். அவளுக்கும் அந்தக் கேலி பிடித்திருந்தது. பயம் இருக்கிற இடத்தில்தானே கேலியும் இருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

ஆண்கள் எலும்பு வார்டுதான் அவளுடைய செல்லப்பிள்ளை. முதன்முதலில் பொட்டு வைத்த காலத்தில் அங்கே விளக்கை அடித்த பக்கமெல்லாம் மின்னியது. திட்டினாள், கெஞ்சினாள், ஒவ்வொருவரையாக உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள். மின்னல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒரு மாதம் நூற்றுக்கு நூறு வந்தது. அப்புறம் மாதா மாதம் நூறுதான். வார்டு வாசலில் கேடயம் மாட்டினார்கள். வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து ஆட்கள் வந்து, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். எப்போதும் நூறே வாங்கும் பிள்ளையைக் கண்டால் வாத்தியாருக்கு ஒரு சின்னச் சந்தேகமாவது வர வேண்டும். இவளுக்கு வரவில்லை. பெருமைதான் வந்தது.

இந்த நேரத்தில்தான் அவளுடைய அண்ணன் விழுந்தார். அண்ணன் பஸ் டிரைவர். டிப்போவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது, கடைசிப் படியில் கால் பிசகி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். "இத்தனை வருஷமா ஊரையே ஏத்தி இறக்கியிருக்கேன், ஒருத்தரும் விழுந்ததில்ல. கடைசில நானே விழுந்தேன்" என்று வலியோடு சிரித்தார். அண்ணிக்கு அவரைத் தன் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று ஆசை.

"பெரிய ஆஸ்பத்திரின்னா கூட்டம். கூட்டம்னா சீக்கு. ஒரு சீக்குக்குப் போனா ஒம்போது சீக்கை வாங்கிட்டு வரணும்" என்றாள் அண்ணி.

"உங்களுக்கு என்ன தெரியும் அண்ணி? எங்க எலும்பு வார்டுல தரையில போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம்."

"தட்டு இருக்கறப்போ தரையில எதுக்கும்மா சாப்பிடணும்?"

அண்ணன் தங்கை பக்கம் சாய்ந்தார். எப்போதும் அப்படித்தான். அப்பா போன பிறகு, தான் படிக்காமல் அவளை நர்ஸ் படிப்புக்கு அனுப்பியவர் அவர். அந்தப் படிப்பு தன் உடம்புக்குக் காவல் நிற்கும் என்று நம்புவதில் என்ன தப்பு? அண்ணி துணிமணிகளைப் பையில் வைத்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில், கால் முறிந்து கட்டுப் போட்ட ஒரு பெரியவர் இருந்தார். கடிகாரம் ரிப்பேர் செய்பவர். வாட்ச்காரர் என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். மனைவி இல்லை. தையல் கம்பெனியில் வேலை செய்யும் ஒரே மகள், ஷிப்டு முடிந்ததும் ஓட்டமாக வந்து அப்பாவுக்குப் பணிவிடை செய்துவிட்டுப் போவாள். அண்ணனுக்கும் வாட்ச்காரருக்கும் இரண்டே நாளில் ஒட்டிக்கொண்டது.

"உங்க பஸ்ஸு என்னிக்காவது டயத்துக்கு வந்திருக்கா டிரைவர் சார்?"

"பஸ்ஸு டயத்துக்குத்தான் வரும். ஸ்டாப்புல நிக்கறவன் கையில நீங்க ரிப்பேர் பண்ணின வாட்ச்சு இருக்கும்."

வார்டே சிரிக்கும். வலியை மறக்க இரண்டு பேரும் கண்டுபிடித்த மருந்து அது.

இருவரும் கழிப்பறைக்கு நடக்க முடியாதவர்கள். அவர்களுக்கு மட்டுமல்ல, வார்டில் பாதிப் பேருக்கு கமோடு நாற்காலிதான் கதி. நடுவில் ஓட்டையும் அடியில் பாத்திரமும் உள்ள சக்கர நாற்காலி அது. வார்டுக்கு இரண்டு இருந்தன. கட்டிலிலிருந்து கட்டிலுக்கு அவை நாள் முழுக்க உருண்டுகொண்டே இருக்கும்.

தன் விடுமுறை நாளில் விளக்குச் சிஸ்டர் சாதாரண உடையில் அண்ணனுக்குத் துணையாக வந்து உட்கார்ந்தாள். அண்ணி குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தாள். அண்ணன் தூங்க, கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தது. திரை இடுக்கு வழியாக வார்டின் நடுப்பகுதி தெரிந்தது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவள் ஒரு வார்டுக்குள் வெறுமனே உட்கார்ந்து பார்த்ததில்லை. பொட்டு வைக்க வருவாள், விளக்கு அடிக்க வருவாள். நடுவில் நடப்பதைப் பசை சொல்லிவிடும் என்பது அவள் நம்பிக்கை.

கோடிக் கட்டிலிலிருந்து வாளி அக்கா ஒரு கமோடு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். துப்புரவு வேலை செய்பவள். எந்நேரமும் கையில் வாளி இருப்பதால் அந்தப் பெயர். வேலையில் சுறுசுறுப்பு, யாரிடமும் முகம் சுளிக்காதவள். அவள் துணியை மருந்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். வலது கைப்பிடியின் நுனியில் ஒரு தேய்ப்பு. பிரேக்கில் ஒன்று. பின்னால் தள்ளும் கம்பியின் நடுவில் ஒன்று. முடிந்தது. பாத்திரத்தைக் கழுவி மாட்டிவிட்டு நாற்காலியை அடுத்த கட்டிலுக்கு உருட்டிவிட்டாள். ரத்த அழுத்தக் கருவியிடம் போனாள். பொத்தானில் ஒரு தேய்ப்பு, குழாய் சேரும் இடத்தில் ஒன்று. நோயாளியின் கையைச் சுற்றுகிற பட்டையை அவள் தொடவே இல்லை.

விளக்குச் சிஸ்டருக்கு முதலில், என்ன இவள் இப்படி ஏனோதானோவென்று செய்கிறாள் என்று கோபம்தான் வந்தது. அடுத்த நொடி, துடைத்த இடங்களை மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். வலது கைப்பிடி நுனி, பிரேக், தள்ளும் கம்பியின் நடு. அந்த இடங்கள் அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் பொட்டு வைக்கிற இடங்கள்.

எழுந்து போனாள். நாற்காலியின் இருக்கையைத் தூக்கிப் பார்த்தாள். அடிப்பக்கம் முழுக்கக் காய்ந்து அப்பிக் கிடந்தது. ஒரு நாள் இரண்டு நாள் அழுக்கல்ல.

"என்னக்கா, இவ்வளவுதானா?"

வாளி அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "அய்யோ, சிஸ்டரா! இன்னிக்கு உங்களுக்கு லீவுன்னாங்களே? எல்லாம் பண்ணியாச்சு சிஸ்டர். கைப்பிடி, பிரேக்கு, கம்பி, எதையும் விடல."

"சீட்டு? சீட்டுக்கு அடியில?"

"அங்கல்லாம் நீங்க வைக்க மாட்டீங்களே."

சொன்னதில் குத்தலும் இல்லை, கள்ளத்தனமும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பாடம் ஒப்பிக்கும் பிள்ளையின் சந்தோஷத்தோடு வாளி அக்கா விரலை மடக்கினாள். "சலைன் கம்பின்னா நெஞ்சு உயரத்துல. புடிச்சு நடக்கற சட்டம்னா எடது பிடி. கட்டிலுன்னா கால் பக்கத்துப் பலகையில மேல் விளிம்பு. புதுசா யாரு வந்தாலும் மொத நாளே சொல்லிக் குடுத்துடுவோம். நர்சம்மாங்களுக்கும் தெரியும். ஒரு ஆளுக்கு இத்தனை கட்டிலு, ஒவ்வொண்ணையும் முழுசா தொடைச்சா பொழுது போயிடும் சிஸ்டர். கேடயம் நம்ம வார்டை விட்டுப் போயிடக் கூடாதுல்ல?"

பொட்டை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் வைக்க வேண்டும். அதுதான் அந்த வேலையின் அரிச்சுவடி. மற்ற ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது அவளே பலகையில் எழுதிப் போட்டு அடிக்கோடிடும் விஷயம் அது. ஊருக்குத்தான் உபதேசம். இருக்கைக்கு அடியில் வைக்கக் குனிய வேண்டும், குனிந்தால் இடுப்பு வலிக்கும். அதோடு எத்தனை வார்டு சுற்ற வேண்டும்! நின்ற நிலையில் கை எட்டுகிற இடத்தில் வைத்துக்கொண்டு போனாள். பிறகு கை தானாகவே அங்கே போய்ப் பழகிவிட்டது. அவள் அவர்களைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அவர்களோ அவள் சோம்பலை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் வெறும் மானக்கேடாகப் போயிருந்தால் ஒழிந்து போகட்டும் என்று விடலாம். கோடிக் கட்டில்களில் இருந்த இரண்டு கிழவர்களுக்கு அந்த வாரம் வயிற்றுப்போக்கு கண்டிருந்தது. பரிசோதனை முடிவு அவள் மேஜைக்குத்தான் வந்தது. பொல்லாத கிருமி. கை கழுவும் மருந்துக்கும் மசியாது, ஸ்பிரிட்டுக்கும் மசியாது. பிளீச்சிங் தண்ணீரில் நன்றாக ஊறினால்தான் சாகும். இல்லாவிட்டால் நாற்காலியின் அடியில் மாதக் கணக்கில் உட்கார்ந்து ஆள் பார்த்துக்கொண்டிருக்கும். புண் ஆறக் கடுமையான மருந்து சாப்பிடும் வயதானவர்கள் என்றால் அதற்கு விருந்து. எலும்பு வார்டில் அத்தனை பேரும் அப்படிப்பட்டவர்கள்தான். அதில் ஒருவர் அவள் அண்ணன்.

என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புது ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்த வேண்டும். சாமான்கள் மொத்தத்தையும் எடுத்து ஊறப்போட வேண்டும். கழுவி முடிக்கும்வரை வார்டைப் பூட்ட வேண்டும். நேரே பெரிய டாக்டர் அறைக்குப் போனாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "வாங்க வாங்க. நானே கூப்பிடணும்னு இருந்தேன். அடுத்த வாரம் பார்வையிட ஒரு குழு வருது. மொத்த ஆஸ்பத்திரிக்கும் தரம் போடறாங்க. மொதல்ல உங்க எலும்பு வார்டைத்தான் காட்டப் போறேன்."

"சார், அந்த ரெண்டு வயித்துப்போக்கு கேஸ்..."

"தனி அறைக்கு மாத்தச் சொல்லிட்டேனே. ரெண்டுதானே? வேற ஏதாவதா?"

அவர் முகத்தில் அவள்மேல் இருந்த மரியாதை பளபளத்தது. அதை இழக்க மனசு வரவில்லை. பொட்டு வைத்ததெல்லாம் பொய், கேடயம் பொய், பாடம் எடுத்தது பொய் என்று இந்த மனுஷரிடம் எந்த வாயால் சொல்வது? வார்டைப் பூட்டினால் அண்ணனையும் எங்கோ ஒரு மூலைக்குத் தூக்கிப் போடுவார்கள் என்று தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல சார். எங்கண்ணன் அங்க இருக்காரு. கொஞ்சம் பாத்துக்கணும்."

"அதைச் சொல்லணுமா?" என்றார் அவர்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவள் சதை ஆடிய ஆட்டத்தை அன்று கழுவும் அறையில் பார்த்திருக்க வேண்டும். இரண்டு கமோடு நாற்காலிகளில் ஒன்றைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். பிளீச்சிங் கரைத்த தண்ணீரில் இருக்கையைக் கழற்றிப் போட்டாள். சக்கரத்தின் உள்பக்கம், திருகாணிக் குழி, இருக்கையின் அடி என்று ஒரு இடம் விடாமல் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். குனிந்தாள், மண்டி போட்டாள், தரையில் உட்கார்ந்தாள். இடுப்பு ஒன்றும் ஒடிந்துவிடவில்லை. பிறகு ஓர் அட்டையில் அண்ணனின் கட்டில் எண்ணை எழுதி, நாற்காலியின் முதுகில் கட்டி, அவர் தலைமாட்டில் நிறுத்தினாள். கைக்குச் சுற்றும் பட்டையும் புதிதாக ஒன்று கொண்டுவந்து மாட்டினாள். விளக்குச் சிஸ்டர் கட்டிய அட்டையை அவிழ்க்க எந்த நர்ஸுக்குத் தைரியம் வரும்?

"அண்ணே, இது உனக்கு மட்டும். அந்த இன்னொண்ணுல தப்பித் தவறிக்கூட உக்காராத."

"ஏன்? அதுல ஆணி இருக்கா?"

விளையாட்டுக்குக் கேட்டார். அவள் சிரிக்காததைப் பார்த்து அவரும் சிரிப்பை நிறுத்தினார். திரையை இழுத்துவிட்டு, காதோடு காதாக எல்லாவற்றையும் சொன்னாள். பொட்டு வைத்ததை, துடைத்ததை, கோடிக் கட்டில்களை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எதையாவது உடைத்துவிட்டு வந்து சொல்வாளே, அதே குரலில்தான் சொன்னாள். அண்ணன் பக்கத்துக் கட்டில் திரையைப் பார்த்தார்.

"அப்ப வாட்ச்காரரு?"

"அதை நான் பாத்துக்கறேன். நீ வெளிய மூச்சு விடாத."

பார்த்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். வாளி அக்காவைக் கூப்பிட்டு மற்ற நாற்காலியை முழுக்கத் துடைக்கச் சொன்னாள். இவள் பக்கத்தில் நின்றவரைக்கும் முழுக்கத்தான் துடைத்தாள். ஆனால் இவளால் எத்தனை நேரம் நிற்க முடியும்? இரண்டு நாற்காலி ஓடிய வார்டில் இப்போது ஒன்றே ஒன்று ஓடியது. ஒருவர் எழுவதற்குள் அடுத்தவர் கூப்பிட்டார். பொட்டு வைத்த இடங்களைத் துடைக்கக்கூட யாருக்கும் நேரமில்லை.

ஒரு மத்தியான நேரம். அண்ணி வெளியே டீ வாங்கப் போயிருந்தாள். விளக்குச் சிஸ்டர் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று புண்ணின் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பக்கத்துத் திரை விலகி வாட்ச்காரரின் மகள் எட்டிப் பார்த்தாள்.

"சிஸ்டர், அப்பாவுக்கு அவசரமா வருதாம். அந்த நாற்காலி அந்தக் கோடியில இருக்கு, இப்போதைக்கு வராதாம். இதைக் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா? உடனே குடுத்துடறேன்."

கொடுத்திருக்கலாம். கொடுத்துவிட்டு மறுபடியும் பிளீச்சிங் போட்டுத் தேய்த்திருக்கலாம். வாட்ச்காரருக்கும் ஏற்கெனவே கிருமி ஒட்டியிருந்தால், திரும்பி வரும் நாற்காலியில் அதுவும் வரும் என்று அவள் மூளை கணக்குப் போட்டது. படித்த மூளை, கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"இல்லம்மா. இது இவருக்குன்னு தனியா வெச்சது. ஆபரேஷன் கேஸ். அது வரட்டும், இரு."

அந்தப் பெண் நாற்காலியைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், அண்ணனின் முகத்தையும் ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரிங்க சிஸ்டர்" என்றாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிஸ்டர் சொன்னால் காரணம் இருக்கும் என்று நினைப்பவர்களிடம் மட்டும்தான் இப்படி நடந்துகொள்ள முடியும். கோடியிலிருந்து மற்ற நாற்காலி உருண்டு வந்தது. திரைக்கு அந்தப் பக்கம், மகள் அப்பாவைத் தூக்கி உட்கார வைக்கும் சத்தம் கேட்டது. "பாத்து, பாத்து" என்றார் வாட்ச்காரர்.

சில நாளில் வாட்ச்காரருக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. முதல் நாள் வெட்கப்பட்டார். "டிரைவர் சார், இன்னிக்கு என் வண்டிக்கு பிரேக் பிடிக்கல" என்று சொல்லிப் பார்த்தார். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் கேலி பேசவும் அவரிடம் தெம்பில்லை. தனி அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சலைன் ஏற ஏற உடம்பு வற்றியது. சிறுநீரகம் நின்றது. கால் எலும்பு கூடத் தொடங்கியிருப்பதாகப் படம் வந்த அன்று ஆள் போய்விட்டார்.

மகள் அப்பாவின் துணிகளை எடுத்துப்போக வார்டுக்கு வந்தாள். கண்கள் வீங்கியிருந்தாலும் நிதானமாக இருந்தாள். விளக்குச் சிஸ்டரின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இருக்கற வார்டுன்னுதான் சிஸ்டர் எல்லாரும் இங்க சேக்கச் சொன்னாங்க. உங்கமேல ஒரு குறையும் இல்ல. எங்கப்பாவுக்குக் குடுத்து வெச்சது அவ்வளவுதான்."

செருப்பால் அடித்திருந்தால்கூட அன்று கொஞ்சம் தூங்கியிருப்பாள்.

பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னாள். இந்தத் தடவை அவரைப் பேசவிடவில்லை. பொட்டு வைத்த கதையை மூச்சு விடாமல் சொன்னாள். நாற்காலிக் கதையை மட்டும் சொல்லவில்லை. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே யோசித்தார். பார்வையிட வந்த குழு எலும்பு வார்டைப் புகழ்ந்துவிட்டுப் போய் இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துக் கழுவச் சொல்றேன். நீங்க வைக்கிற இடத்தை மாத்தி வைங்க. என்ன வருதுன்னு பாப்போம்" என்றார்.

மாற்றி வைத்தாள். மறுநாள் விளக்கை அடித்தபோது பழைய காலம் திரும்பி வந்துவிட்டது. திரும்பிய பக்கமெல்லாம் மின்னியது. மதிப்பெண் அதல பாதாளத்துக்குப் போனது. அதற்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டுமல்லவா? எய்தவன் இருக்க அம்பை நோவதுதானே நிர்வாகம். வாளி அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு விளக்குச் சிஸ்டரின் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"நீங்க வெச்ச எடத்தைத் தொடைச்சேன். வைக்காத எடத்தைத் தொடைக்கல. நான் ஒரு ஆளு, அத்தனையையும் எப்படி சிஸ்டர் பண்றதுன்னு ஒரு நாளாவது கேட்டிருப்பீங்களா? பொட்டு வெச்சது நீங்க, கேடயம் வாங்கினதும் நீங்க. வீட்டுக்குப் போறது மட்டும் நானா?"

"நான் பெரிய டாக்டர்கிட்ட பேசறேன்க்கா."

"பேசுவீங்க" என்றாள் வாளி அக்கா. "ரெண்டு நாற்காலில ஒண்ணைக் கட்டி வெச்சதையும் பேசுவீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். விளக்குச் சிஸ்டர் பெரிய டாக்டரிடம் பேசவில்லை. பேசினால் பேச்சு நாற்காலி விஷயத்தில் வந்து நிற்கும் என்று தெரிந்த பிறகு எப்படிப் பேசுவாள்? வாளி அக்கா இடத்தில் அவரே இன்னொருத்தியைப் போட்டார். முதல் நாளே புதியவள் கேட்டது, சிஸ்டர் இப்போதெல்லாம் எங்கே வைக்கிறார் என்பதைத்தான்.

அண்ணன் வீட்டுக்குப் போகும் நாள் வந்தது. கம்பு ஊன்றி நாலடி நடக்கத் தொடங்கியிருந்தார். காய்ச்சல் இல்லை, வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. அண்ணி பைகளைக் கட்டி வைத்துவிட்டு நாத்தனாரின் கன்னத்தைத் தடவினாள்.

"அன்னிக்கு நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்மா. பக்கத்துக் கட்டில் வரைக்கும் வந்தது உங்கண்ணன்கிட்ட வரல. நீ இல்லாட்டி நான் என்ன ஆயிருப்பேன்!" என்று சொல்லிவிட்டு மாத்திரை வாங்கப் போனாள்.

பக்கத்துக் கட்டிலில் புதிதாக ஒருவர் படுத்திருந்தார். அண்ணன் அந்தப் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். வாட்ச்காரர் போனதிலிருந்து அவர் யாரிடமும் விளையாட்டாகப் பேசவில்லை. விளக்குச் சிஸ்டர் அவர் காலடியில் உட்கார்ந்தாள். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். அண்ணனிடம் சொன்னால் திட்டுவார். ஒருவேளை கன்னத்தில் அறைவார். அறைந்தால் நல்லது. அந்த ஆறுதலுக்காகவே அவள் ஏங்கிப் போயிருந்தாள்.

"அண்ணே, உங்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். அன்னிக்கு மத்தியானம் நீ தூங்கறப்போ, அந்தப் பொண்ணு வந்து உன் நாற்காலியைக் கேட்டுச்சு. நான்..."

"தெரியும்."

"யாரு சொன்னா? வாளி அக்காவா?"

அண்ணன் இல்லை என்று தலையை அசைத்தார். கம்பின் பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"நான் தூங்கல."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"முழிச்சுத்தான் இருந்தேன். சும்மா கண்ணை மூடிக்கிட்டுக் கெடந்தேன், அந்தப் பொண்ணு குரல் கேட்டும் தொறக்கல. அது என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கறது தெரிஞ்சுது. எழுப்பிக் கேக்கலாமா வேணாமான்னு யோசிச்சுச்சு போல. கேட்டா என்னால இல்லன்னு சொல்ல முடியாது. அதான், இமை ஆடிடக் கூடாதேன்னு இறுக்கி மூடிக்கிட்டேன்."

ஊரை ஏற்றி இறக்கிய அண்ணன், தனக்கில்லாத படிப்பை அவளுக்குக் கொடுத்த அண்ணன், இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அவளும் அழுதாள். அவரை அறைய அவளுக்கும், அவளை அறைய அவருக்கும் யோக்கியதை இல்லாமல் போயிருந்தது.

அண்ணி மாத்திரைப் பொட்டலத்தோடு திரும்பி வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதென்ன கூத்து? உசுரோட வீட்டுக்குப் போறதுக்கு யாராவது அழுவாங்களா?" என்றாள்.